வயலினும் பியானோவும்: ஒரு முழு மாலை உக்ரேனிய இசை வாசிக்க ஒரு வழிகாட்டி

2022இல் உக்ரேன் மீது ரஷ்யா முழுப் போர் தொடுத்த பிறகு உலகெங்கும் பல வயலின்-பியானோ ஜோடிகள் ஒரே காரியத்தைச் செய்தார்கள். பிராம்ஸ், பீத்தோவன் எல்லாம் வாசித்து முடித்துவிட்டு, கடைசியில் உக்ரேனிய இசையமைப்பாளர் மிரோஸ்லாவ் ஸ்கோரிக்கின் 'மெலடி'யை வாசித்தார்கள். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். அதில் தவறில்லை, அந்த நான்கு நிமிடப் பாட்டுக்கு அந்த வலு உண்டு. ஆனால் உக்ரேனிய இசை என்றாலே துக்கத்துக்கான ஒரு சின்ன உருப்படி என்ற எண்ணம் அப்படியே நின்றுவிட்டது. இந்த இரண்டு வாத்தியங்களுக்கும் அங்கே 1772 முதல் எழுதப்பட்ட படைப்புகள் இருக்கின்றன. ஒரு முழுக் கச்சேரியையே தாங்கும் அளவுக்கு, அதுவும் ஒன்றைப் போல இன்னொன்று இல்லாமல், இருக்கின்றன.

நீங்கள் இருவரும் கிரீகின் சொனாட்டாவையோ பிராம்ஸின் சொனாட்டாவையோ வாசிக்கும் நிலையில் இருப்பவர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மேடையில் வாசிக்கப் போவதில்லை, கேட்கத்தான் போகிறேன் என்பவர்களும் முதல் இரண்டு படிகளைப் படிக்கலாம்.

முதல் படி: நோட்ஸைத் திறக்கும் முன் காதைப் பழக்குங்கள்

அச்சிட்ட பக்கத்தில் இல்லாத மூன்று விஷயங்களை முதலில் கேட்க வேண்டும்.

ஒன்று, 'த்ரோயிஸ்தி முசிகி' என்ற கிராமத்து மூவர் குழு. கல்யாணத்திலும் திருவிழாவிலும் வாசிப்பவர்கள். வயலின், சிம்பாலி, அதோடு தோல் வாத்தியமோ பாஸ் வாசிக்கும் தந்தி வாத்தியமோ இருக்கும். சிம்பாலி என்பது சந்தூர் குடும்பத்தைச் சேர்ந்தது, தந்திகளைச் சிறு சுத்தியலால் தட்டி வாசிப்பார்கள். வயலின்-பியானோ ஜோடிக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. ஸ்கோரிக்கும், பின்னால் வரப்போகும் ஸ்டான்கோவிச்சும் பியானோவுக்கு எழுதிய பல இடங்கள், சிம்பாலியும் தாளமும் சேர்ந்த ஒலியை இரண்டு கைகளுக்குள் கொண்டுவரும் முயற்சிதான். பியானோ வாசிப்பவர் இதைக் கேட்காமல் போனால், அந்த இடங்களைத் தாராளமாகப் பெடல் போட்டு ஷோப்பான் மாதிரி வாசித்துவிடுவார்.

இரண்டு, டூமா. கோப்சார்கள் என்ற, பெரும்பாலும் கண் பார்வையில்லாத பாடகர்கள், கோப்சாவோ பந்துராவோ மீட்டிக்கொண்டு பாடிய நீண்ட கதைப்பாட்டு. அதில் அளந்து வைத்த தாளம் இல்லை. சொற்களின் நீளத்துக்கு ஏற்ப வரி நீளும், குறுகும், ஒரு பெருமூச்சில் போய் முடியும். இசையமைப்பாளர் மிகோலா லிசென்கோ 1873இல் ஓஸ்தாப் வெரெசாய் என்ற கோப்சாரின் பாட்டுகளைப் பற்றி ஆய்வே நிகழ்த்தினார். அவருடைய வயலின் படைப்புகளில் தனியாக வயலின் பேசும் இடங்களுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

மூன்று, கொலொமிய்கா. கார்பாத்திய மலைப் பக்கத்து ஆட்டப்பாட்டு. இதை நான்காவது படியில் விரிவாகப் பார்ப்போம்.

இரண்டு வாரம் இவற்றை மட்டும் கேட்டாலே போதும். யூடியூபில் கார்பாத்திய மலை மக்களான ஹூட்சுல் வயலின் கலைஞர்களின் பதிவுகள் நிறையக் கிடைக்கின்றன.

இரண்டாம் படி: எதை வாசிப்பது

ஏறக்குறைய வரலாற்று வரிசையில் சொல்கிறேன். வாசிக்கும் வரிசை வேறு, அது பிறகு வரும்.

மாக்சிம் பெரெசோவ்ஸ்கியின் சி மேஜர் சொனாட்டா, 1772இல் பீசா நகரில் எழுதப்பட்டது. வயலினுக்கும், செம்பலோ என்ற ஹார்ப்சிகார்டுக்கும். பெரெசோவ்ஸ்கி இத்தாலிக்குப் போய்ப் பொலோன்யாவில் பாத்ரே மார்ட்டினியிடம் படித்தவர். இளம் மோட்சார்ட் தேர்வு எழுதிய அதே அகாதமியில், அதற்கு அடுத்த வருடம் தேர்வாகி உறுப்பினரானவர். 1777இல் இறந்துபோனார். சொனாட்டாவின் கையெழுத்துப் பிரதி பாரிஸ் தேசிய நூலகத்தில் கிடந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கீவைச் சேர்ந்த பியானோ கலைஞர் மிஹைலோ ஸ்டெபானென்கோ அதை வெளியே கொண்டுவந்தார். சுமார் 12 நிமிடம் ஓடும். கடைசிப் பகுதி ஒரு மினுவெட்டும் அதன் வேரியேஷன்களும். தொழில்நுட்ப ரீதியில் எளிது, சுத்தமாக வாசிப்பது கடினம்.

லிசென்கோவின் எலிஜியாக் கப்ரீச்சியோ, ஓபஸ் (படைப்பு எண்) 32. இவர் 1842இல் பிறந்தார், லைப்சிக்கில் ரைனெக்கேயிடம் பியானோ படித்தார், கீவுக்குத் திரும்பி உக்ரேனிய இசைக்கு அடித்தளம் போட்டார். 1876இல் ரஷ்யப் பேரரசு பிறப்பித்த எம்ஸ் ஆணை, உக்ரேனிய மொழியில் அச்சிடுவதைத் தடுத்தது. இசைக்குக் கீழே எழுதும் பாடல் வரிகளும் அந்தத் தடைக்குள் வந்தன. அப்படிப்பட்ட காலத்தில் சொல்லில்லாத வாத்திய இசைக்குத் தனி எடை வந்துவிடுகிறது. நேரம் இருந்தால், இரண்டு நாட்டுப்பாடல்களை வைத்து அவர் எழுதிய ஓபஸ் 21 ஃபேன்டசியையும் பாருங்கள். அதை வயலினுக்குப் பதில் புல்லாங்குழலிலும் வாசிப்பார்கள்.

விக்டர் கொசென்கோவின் ஏ மைனர் சொனாட்டா, ஓபஸ் 18, 1927. இரண்டே பகுதிகள். கொசென்கோ 1918 முதல் சுமார் பத்தாண்டு சிட்டோமிர் என்ற ஊரில் வாழ்ந்தவர். பியானோ கலைஞர் ரிக்டர் பிறந்ததும், அடுத்து வரும் லியாடோஷின்ஸ்கி பிறந்ததும் அதே ஊர். நடுத்தர அளவுள்ள ஓர் ஊருக்கு இது சாதாரணச் சொத்து இல்லை. இந்த சொனாட்டாவில் பியானோ பகுதி அடர்த்தியானது, காரணம் எழுதியவரே சிறந்த பியானோ கலைஞர். முழு சொனாட்டாவுக்கு நேரம் இல்லையென்றால் ஓபஸ் 4இல் உள்ள 'கனவுகள்' என்ற சின்ன உருப்படியை எடுங்கள்.

போரிஸ் லியாடோஷின்ஸ்கியின் சொனாட்டா, ஓபஸ் 19, 1926. என்னைக் கேட்டால் கச்சேரியின் முதுகெலும்பு இதுதான். கொசென்கோவின் சொனாட்டாவும் இதுவும் ஒரு வருட இடைவெளியில் பிறந்தவை, ஆனால் கொசென்கோ பின்னால் திரும்பிப் பார்க்கிறார், இவர் கதவை உடைத்துக்கொண்டு முன்னே போகிறார். இரண்டு வாத்தியங்களும் ஒன்றோடொன்று மோதுகின்றன. 1920களில் உக்ரேனியக் கலையில் எழுந்த நவீன அலையின் நேரடிச் சாட்சி இது. பின்னாளில், 1948இல், இவர் மீது ஃபார்மலிசம், அதாவது மக்களை விட்டு விலகி வடிவத்தோடு விளையாடுகிறார் என்ற சோவியத் குற்றச்சாட்டு விழுந்தது. 1951இல் முடித்த மூன்றாம் சிம்ஃபொனியின் கடைசிப் பகுதியைப் பிறகு மாற்றி எழுத வைத்தார்கள்.

வாலென்டின் சில்வெஸ்ட்ரோவின் 'போஸ்ட் ஸ்கிரிப்டம்', 1990. 1937இல் கீவில் பிறந்த இவர் லியாடோஷின்ஸ்கியின் மாணவர். ஆசானின் சத்தத்துக்குப் பக்கத்தில் மாணவரின் மௌனத்தை வைத்தால் கச்சேரிக்குத் தானாகவே ஒரு கதை வந்துவிடும். 2022 மார்ச்சில் கீவை விட்டு பெர்லினுக்குப் போனவர்.

ஸ்கோரிக் (1938-2020) மேற்கு உக்ரேனின் ல்வீவ் நகரத்துக்காரர். 1947இல் குடும்பத்தோடு சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டு, 1955இல் ஊர் திரும்பியவர். அவருடைய இரண்டாம் சொனாட்டா 1991இல் எழுதப்பட்டது, மூன்று பகுதிகள்: சொல், ஆரியா, பர்லெஸ்க். உக்ரேன் சுதந்திரம் அறிவித்ததும் 1991 ஆகஸ்டில்தான். சில்வெஸ்ட்ரோவின் படைப்புக்கும் இதற்கும் ஒரே வருட வித்தியாசம். ஒரு தேசம் பிறந்த நேரத்தில் இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதியிருக்கிறார்கள்.

யெவ்ஹென் ஸ்டான்கோவிச்சின் 'மலைநாட்டில்' என்ற மூன்று பகுதி டிரிப்டிக்கை ஸ்கோரிக்குக்கு மாற்றாக வைத்துக்கொள்ளலாம். தாலாட்டு, கல்யாணம், இம்ப்ரோவிசேஷன் என்று போகும். இவரும் லியாடோஷின்ஸ்கியின் மாணவர்தான்.

யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்ற கேள்வியில் நேர்மையாக இருங்கள். போர்ட்கியேவிச் 1877இல் கார்கிவில் பிறந்தார், போலந்துக் குடும்பம், வியன்னாவில் இறந்தார். அவருடைய ஜி மைனர் சொனாட்டாவைச் சேர்க்கலாம், ஆனால் இந்த விவரத்தை அப்படியே எழுதிச் சேர்க்க வேண்டும். ப்ரோகோஃபியெவ் இன்றைய டொனெட்ஸ்க் பகுதியில் பிறந்தார் என்பதற்காக அவரை உக்ரேனியக் கணக்கில் போடுவதை நான் ஏற்கமாட்டேன். பிறந்த ஊரை மட்டும் வைத்துப் பட்டியலை நிரப்பத் தொடங்கினால், அந்த மண்ணின் இசையை எடுத்தே எழுதியவர்கள் ஓரத்துக்குப் போய்விடுவார்கள்.

மூன்றாம் படி: நோட்ஸ் தேடுவது

லிசென்கோ (இறப்பு 1912), கொசென்கோ (1938) இருவருக்கும் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. நோட்ஸை இலவசமாகத் தரும் ஐஎம்எஸ்எல்பி (IMSLP) இணையதளத்தில் முதலில் தேடுங்கள். போர்ட்கியேவிச் 1952இல் இறந்ததால், இறப்புக்குப் பின் 70 ஆண்டு என்று கணக்கிடும் நாடுகளிலும் இப்போது தடையில்லை. லியாடோஷின்ஸ்கி 1968இல் இறந்தார், ஆகவே இந்தியாவின் 60 ஆண்டுக் கணக்கிலும் ஐரோப்பாவின் 70 ஆண்டுக் கணக்கிலும் அவர் இன்னும் காப்புரிமைக்குள் இருக்கிறார். சில்வெஸ்ட்ரோவின் படைப்புகள் பெலாயெஃப், ஷாட் வெளியீடுகளாகக் கிடைக்கும். ஸ்கோரிக், ஸ்டான்கோவிச் இருவருக்கும் டூமா மியூசிக் பதிப்பகத்தைப் பாருங்கள். பழைய சோவியத் காலப் பதிப்புகளில் 'முசிச்னா உக்ரைனா' என்ற கீவ் பதிப்பகத்தின் பெயரைக் காண்பீர்கள்.

தேடும்போது ஒரு சிக்கல் வரும். ஒரே ஆளின் பெயர் ரஷ்ய உச்சரிப்பில் ஒரு மாதிரியும் உக்ரேனிய உச்சரிப்பில் வேறு மாதிரியும் எழுதப்பட்டிருக்கும். நிகோலாய் லிசென்கோ என்று போட்டும் தேடுங்கள், மிகோலா லிசென்கோ என்று போட்டும் தேடுங்கள். உங்கள் நிகழ்ச்சி நிரலில் மட்டும் உக்ரேனிய வடிவத்தையே அச்சிடுங்கள்.

நோட்ஸ் சிலசமயம் கிடைக்காமலே போகும். அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. ல்வீவ் இசைக் கல்லூரியின் தலைவராக இருந்த வசில் பார்வின்ஸ்கி 1948இல் கைதாகி, மோர்டோவியாவில் இருந்த சோவியத் முகாமில் பத்தாண்டு அடைக்கப்பட்டார். அவருடைய கையெழுத்துப் பிரதிகளைக் கல்லூரி வளாகத்திலேயே எரித்தார்கள். விடுதலையான பிறகு, 1963இல் இறக்கும்வரை, நினைவிலிருந்து தன் படைப்புகளைத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தார். ஒரு பிரதி உங்கள் கைக்கு வர மூன்று மாதம் ஆனால், அந்த மனிதரை நினைத்துக்கொண்டு பொறுத்திருங்கள்.

கேட்டுப் பார்க்க: ஸோலோமியா ஸோரோகாவும் ஆர்தர் கிரீனும் லிசென்கோவின் வயலின் இசையைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஸோலோமியா இவாஹிவும் ஸ்டீவன் பெக்கும் போர்ட்கியேவிச், கொசென்கோ, ஸ்கோரிக் ஆகியோரைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

நான்காம் படி: சேர்ந்து உட்கார்ந்து வேலை செய்வது

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவாக வேண்டும்.

*கொலொமிய்கா அடி.* பாட்டு வரிக்குப் பதினான்கு அசைகள்: நான்கு, நான்கு, ஆறு. இதை 2/4 தாளத்தில் போட்டால், முதல் இரண்டு பாருக்கும் சேர்த்து எட்டு எட்டாம் நோட்டுகள், மூன்றாம் பாருக்கு நான்கு, நான்காம் பாரில் இரண்டு கால் நோட்டுகள். தகதிமி தகதிமி தகதிமி தா தா என்று வாயால் சொல்லிப் பாருங்கள். அந்தக் கடைசி இரண்டு 'தா'வும் காலைத் தரையில் ஊன்றும் இடம். மேற்கத்திய முறையில் படித்த கை அங்கே ஒலியைச் செதுக்கி, மெல்லக் குறைத்து முடிக்கப் பார்க்கும். அப்படிச் செய்யாதீர்கள். இரண்டு நோட்டுக்கும் சம எடை கொடுங்கள், வில்லை இரண்டு தடவையும் கீழ்நோக்கி இழுத்தாலும் சரி. ஸ்கோரிக்கின் படைப்புகளில் இந்த அடி அப்படியே வராது, துண்டு துண்டாக, இடம் மாறி, ஜாஸ் அழுத்தங்களோடு கலந்து வரும். முழு வடிவம் உடம்பில் பதிந்திருந்தால்தான் அந்தத் துண்டை அடையாளம் தெரியும். நாற்காலியை விட்டு எழுந்து இருவரும் ஒரு தரம் மிதித்துப் பாருங்கள், உண்மையாகவே உதவும்.

*உயர்ந்த நான்காம் சுரம்.* ஹூட்சுல் இசையின் அடையாளமான சுரவரிசை, டோரியன் என்ற பழைய மேற்கத்தியச் சுரவரிசையில் நான்காம் சுரத்தை மட்டும் உயர்த்தியது. ஏயில் தொடங்கினால் ஏ, பி, சி, டி ஷார்ப், இ, எஃப் ஷார்ப், ஜி. கர்நாடக இசை தெரிந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்: சுரங்கள் ஹேமவதியின் சுரங்களே. ஆனால் கமகத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள், அசைவும் அலங்காரமும் முற்றிலும் வேறு.

வயலினில் ஏ தந்தியில் இரண்டாம் விரல் தாழ்ந்த சியில், மூன்றாம் விரல் உயர்ந்த டி ஷார்ப்பில் இருக்கும். நடுவே அகலமான இடைவெளி. தனியாக வாசிக்கும்போது டி ஷார்ப்பை 'இ' சுரத்துக்கு மிக அருகில் தள்ளத் தோன்றும், அது அழகாகவும் இருக்கும். பியானோவும் அதே டி ஷார்ப்பைப் பிடிக்கும் இடத்தில் அந்த அழகு அபசுரமாகிவிடும். ஆகவே பியானோ பகுதியைப் பார்த்து, இருவரும் சேர்ந்து தொடும் டி ஷார்ப்புகளைப் பென்சிலால் வட்டமிடுங்கள். அங்கே பியானோவோடு ஒட்டுங்கள். மற்ற இடங்களில் விரல் விரும்பிய உயரத்துக்குப் போகட்டும்.

*சிம்பாலித் தொடுகை.* பியானோ கலைஞருக்கு: திரும்பத் திரும்ப வரும் ஒற்றை நோட்டுகளையும், கைகள் மாறி மாறித் தட்டும் இடங்களையும் முதலில் பெடலே இல்லாமல் வாசியுங்கள். பிறகு கால்வாசிப் பெடல் சேருங்கள். உண்மையான சிம்பாலியில் ஒலி கொஞ்சம் மிதந்து நிற்கும், ஆனால் ஒவ்வொரு தட்டும் கூராகக் கேட்கும். அந்த இரண்டுக்கும் நடுவில் உங்கள் ஹாலுக்கு ஏற்ற அளவைத் தேடுங்கள்.

*டூமா மாதிரி நீளும் இடங்கள்.* லிசென்கோவிலும், ஸ்கோரிக்கின் இரண்டாம் சொனாட்டாவில் 'சொல்' பகுதியிலும் வயலின் பேசுவது போல நகர வேண்டும். இங்கே பல ஜோடிகள் செய்வது: வயலின் இழுக்கிறது, பியானோ காத்திருக்கிறது. காத்திருக்கும் பியானோ உடனே காதில் தெரியும், ஒவ்வொரு கார்டும் கொஞ்சம் தாமதமாக, சந்தேகத்தோடு விழும். இதற்கு நல்ல பயிற்சி, பியானோ கலைஞர் வயலின் வரியை வாய்விட்டுப் பாடிக்கொண்டே தன் பகுதியை வாசிப்பது. வயலின் கலைஞர் சும்மா கேட்க வேண்டும். எங்கே மூச்சு எடுக்கிறார் என்று பார்த்து, வில்லை அந்த மூச்சுக்கு ஏற்ப மாற்றுங்கள். ஒரு வாரத்தில் இருவரும் ஒரே இடத்தில் நீளத் தொடங்குவீர்கள்.

*லியாடோஷின்ஸ்கியின் அடர்த்தி.* இங்கே பிரச்சினை ஒலி அளவு. பியானோவில் கனமான கார்டுகள், மேலே வயலின் தன் முழு பலத்தோடு. பியானோவைச் சத்தம் குறைத்து வாசிக்கச் சொல்லித் தீர்க்காதீர்கள், படைப்பு செத்துவிடும். கார்டின் நடு நோட்டுகளை மட்டும் குறையுங்கள், அடி நோட்டும் உச்சி நோட்டும் முழு எடையோடு நிற்கட்டும். வயலினுக்கு வழி கிடைத்துவிடும். மெதுவான வேகத்தில், ஒவ்வொரு கார்டிலும் நின்று, வயலின் நோட்டு அந்தக் கார்டுக்குள் இருக்கிறதா வெளியே உரசுகிறதா என்று கேட்டுக்கொண்டே ஒரு முறை முழுக்கப் போங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் உரசல் எங்கே என்று தெரிந்த பிறகுதான் அதைத் துணிந்து வாசிக்க முடியும்.

*சில்வெஸ்ட்ரோவின் மென்மை.* பக்கத்தைப் பார்த்தாலே மிரட்சியாக இருக்கும். பாருக்குப் பார் ஒலிக் குறி, வேகக் குறி, பெடல் குறி. அத்தனையும் தேவையானவை. மிக மெல்லிய ஒலியை முதலில் தீர்மானியுங்கள்: ஹாலின் கடைசி வரிசையில் ஒரு நண்பரை உட்கார வைத்து, அவருக்குக் கேட்கும் குறைந்தபட்ச அளவைக் கண்டுபிடியுங்கள். அதுதான் உங்கள் தரை. மற்ற எல்லா அளவுகளும் அதற்கு மேலே கட்டப்படும். முடிந்த நோட்டின் மிச்ச ஒலியையும் இசையாகவே எண்ணுங்கள், பெடலை அவசரமாக எடுக்காதீர்கள்.

ஐந்தாம் படி: வரிசை

நான் பரிந்துரைப்பது: முதல் பாதியில் பெரெசோவ்ஸ்கி (12 நிமிடம்), லிசென்கோ (8), லியாடோஷின்ஸ்கி (17). இடைவேளை. இரண்டாம் பாதியில் ஸ்கோரிக்கின் மெலடி (4), சில்வெஸ்ட்ரோவ் (18), ஸ்கோரிக்கின் இரண்டாம் சொனாட்டா (14). எல்லாம் உத்தேசக் கணக்கு, மொத்தம் 75 நிமிடத்தைத் தொடாது.

மெலடியை ஏன் இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் வைக்கிறேன் என்றால், கடைசியில் வந்தால் அது அஞ்சலியாக மட்டும் கேட்கும். 1980களின் தொடக்கத்தில் 'உயர்ந்த கணவாய்' என்ற திரைப்படத்துக்காக எழுதப்பட்ட ஒரு நல்ல மெட்டு அது. அப்படியே, ஓர் இசையாக, அது கேட்கப்பட வேண்டும். வேகத்தையும் சவ்வாக இழுக்காதீர்கள்.

கொசென்கோவின் சொனாட்டாவை வாசிக்க விரும்பினால் லியாடோஷின்ஸ்கியை எடுத்துவிடுங்கள். ஒரே மாலையில் இரண்டும் சேர்ந்தால் பியானோ கலைஞரின் தோள் தாங்காது.

ஆறாம் படி: கால அட்டவணை

மூன்று மாதம் வேண்டும். முதல் மாதம் தனித்தனிப் பயிற்சியும் வாரம் ஒரு சந்திப்பும். லியாடோஷின்ஸ்கியை முதல் நாளிலிருந்தே தொடங்குங்கள், ஊற நேரம் எடுக்கும். இரண்டாம் மாதம் வாரம் இரண்டு சந்திப்பு. மூன்றாம் மாதத்தில் முழு நிகழ்ச்சியையும் நிற்காமல் வாசித்துப் பாருங்கள், குறைந்தது ஒரு தடவை நண்பர்கள் முன்னால். லியாடோஷின்ஸ்கி முடிந்ததும் கை எப்படி இருக்கிறது, சில்வெஸ்ட்ரோவுக்குப் போகும்போது நடுங்குகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும்.

ஏழாம் படி: பேச்சும் குறிப்பும்

கேட்பவர்களில் பாதிப் பேருக்கு இந்தப் பெயர்கள் புதியவை. ஆகவே பேசுங்கள், ஆனால் ஒரு படைப்புக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பேசும்போது காதுக்கு ஒரு பிடி கொடுங்கள். லிசென்கோவுக்கு முன்னால், வெரெசாயைப் பற்றி இரண்டு வரி சொல்லி, வயலின் தனியாகப் பேசும் ஓர் இடத்தை வாசித்துக் காட்டுங்கள். ஸ்கோரிக்கின் சொனாட்டாவுக்கு முன்னால் கொலொமிய்கா அடியைக் கையால் தட்டிக் காட்டுங்கள். இதைச் செய்தால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

போரைப் பற்றிச் சொல்லலாமா? சொல்லலாம், சொல்லாமல் இருப்பதுதான் செயற்கை. சில்வெஸ்ட்ரோவ் எண்பத்து நான்கு வயதில் ஊரை விட்டுக் கிளம்பினார் என்பது உண்மை, அதைச் சொல்லுங்கள். அதற்கு மேல் உணர்ச்சியை ஏற்றிப் பேசினால், அடுத்து வரும் படைப்பைக் கேட்கும் காது மூடிக்கொள்ளும்.

எட்டாம் படி: மேடை

பியானோ மூடியைச் சின்னக் குச்சியில் வையுங்கள் என்று பலர் சொல்வார்கள். லியாடோஷின்ஸ்கிக்கு நான் முழுக்கத் திறந்து வைப்பேன், அந்தப் படைப்பு இரண்டு சமமானவர்களின் சண்டை. சில்வெஸ்ட்ரோவுக்கும் அப்படியே திறந்திருக்கட்டும், மூடியைக் குறைப்பதைவிட விரலால் குறைப்பது நல்லது. வயலின் கலைஞர் பியானோவின் வளைவில், பியானோ கலைஞரின் கண்ணில் வில் கை படும்படி நிற்க வேண்டும். நோட்ஸ் ஸ்டாண்டைத் தாழ்த்தி வையுங்கள், அது இருவருக்கும் நடுவே சுவராகிவிடக்கூடாது. சில்வெஸ்ட்ரோவில் பக்கம் புரட்டும் சத்தமே படைப்பைக் கெடுக்கும், டேப்லெட்டும் கால் பெடலும் வைத்துக்கொள்ளுங்கள்.

என்கோர் கேட்டால் லெயொன்டோவிச்சின் 'ஷெட்ரிக்' எடுக்கலாம். 1916இல் கீவில் முதலில் பாடப்பட்ட கோரல் உருப்படி, உலகம் அதைக் கிறிஸ்துமஸ் பாட்டாக அறியும். நான்கு நோட்டு உருவத்தை வயலின் பிட்ஸிகாட்டோவில் (தந்தியை விரலால் மீட்டி) தொடங்கி, பியானோ கீழிருந்து சேர்ந்துகொள்ளும்படி நீங்களே அமைத்துக்கொள்ளுங்கள், லெயொன்டோவிச் 1921இல் இறந்ததால் காப்புரிமைத் தடை இல்லை. நவம்பரிலிருந்து ஜனவரிவரை இது பொருந்தும். மற்ற மாதங்களில் ஸ்கோரிக்கின் 'ஸ்பானிஷ் நடனம்' வாசியுங்கள், கூட்டம் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகும். அதற்கு உரிமம் தேவை, பெரும்பாலும் ஹால் நிர்வாகத்தின் வழியாகவே வாங்கலாம். லியாடோஷின்ஸ்கி, சில்வெஸ்ட்ரோவ், ஸ்கோரிக் படைப்புகளின் உரிமத்துக்கும் அதே நேரத்தில் சேர்த்தே எழுதிப் போடுங்கள்.